பென்டிரைவ் ஏன் முறை மாறிப் பாடுகிறது?

(மூன்றாமாண்டு, கணிப்பொறியியல் பட்டயப் பிரிவு)



பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாள் முதல் நாம் எல்லோரும் நம் தெருவுக்கு ஒரு எஞ்சினியர் ஆகிவிடுகிறோம். பேன் சுற்றவில்லையா, செல்போனில் சத்தம் வரவில்லையா, "டிப்ளமா படிக்கிற பையனைக் கூப்பிடு" என்பார்கள். நம் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகள்தான் அதிகம் வரும். அப்படி என்னிடம் வந்த ஒரு கேள்வியைப் பற்றியே இந்தக் கட்டுரை. கேள்வி இதுதான்: "பென்டிரைவில் பாட்டை வரிசையாகத்தானே ஏற்றினோம், பிறகு ஏன் அது முறை மாறிப் பாடுகிறது?"

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் சினிமாப் பாட்டு முறை மாறினால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் மார்கழி மாதம் கோயிலில் போடும் பாட்டு அப்படி அல்ல. பெருமாள் கோயிலில் திருப்பாவை 30 பாட்டு. சிவன் கோயிலில் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, ஆக அங்கேயும் 30. நடராஜரும் கோவிந்தராஜப் பெருமாளும் ஒரே வளாகத்தில் இருக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த இரண்டு முப்பதுமே பழக்கம். இவற்றில் வரிசை மாறினால் பாட்டே மாறின மாதிரி. பாடத்தை ஒலிப்பதிவு செய்து கேட்பவர்களுக்கும் இதே நிலைமைதான். மூன்றாவது பாடத்துக்கு முன்னால் ஏழாவது பாடம் வந்தால் என்ன புரியும்?

ஆகவே இதை ஒரு சிறிய விஷயம் என்று தள்ளிவிடாமல் காரணத்தையும் தீர்வையும் காண்போம்.

நாடாவில் இந்தச் சிக்கல் இல்லை

கேசட்டை 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது. 1979-ல் சோனி கம்பெனியின் வாக்மேன் வந்த பிறகு கேசட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே கேட்கலாம் என்று ஆயிற்று. கேசட்டில் வரிசை என்பது நாடாவின் நீளம். முதல் பாட்டு முடிந்த இடத்தில் இரண்டாவது பாட்டு. நாடா முறுக்கிக்கொள்ளலாம், சிக்கிக்கொள்ளலாம், ஆனால் இரண்டாவது பாட்டைத் தாண்டி ஒன்பதாவது பாட்டுக்கு அதுவாகத் தாவாது.

1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடியிலும் வரிசை கெடாது. எந்த எண் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் தட்டின் உட்புறத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

எம்பி3 வந்ததும் கதை மாறியது. ஒவ்வொரு பாட்டும் ஒரு தனி பைல் ஆனது. 1998-ல் கொரியாவின் எம்பிமேன், அதே ஆண்டில் அமெரிக்காவின் ரியோ, 2001-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் என்று கையடக்கக் கருவிகள் வந்தன. இன்று மார்க்கெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஸ்பீக்கரில்கூட பென்டிரைவ் செருகும் துளை இருக்கிறது. நாடா அறுந்து, பாட்டுகள் தனித்தனி மணியாகச் சிதறிவிட்டன என்று சொல்லலாம். மணிகளைக் கோப்பதற்கு ஒரு நூல் வேண்டும். அந்த நூலை யார் கோப்பது? இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

பென்டிரைவுக்குள் ஒரு பதிவேடு

பெரும்பாலான பென்டிரைவ்களும் சிறிய மெமரி கார்டுகளும் பேட்32 என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கும். 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்போடு வந்த முறை இது. இதில் ஒவ்வொரு போல்டருக்கும் ஒரு பதிவேடு உண்டு. பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் 32 பைட். பைலின் பெயர், அளவு, தேதி, பைல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும்.

நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். ஆனால் அட்மிஷன் அன்று ஆபீசில் எழுதும் பதிவேடு எப்படி இருக்கும்? யார் முதலில் வந்தாரோ அவர் முதல் வரி. பென்டிரைவின் பதிவேடு இந்த இரண்டாவது வகை. எந்தப் பைல் முதலில் காப்பி ஆனதோ அது முதல் வரியில் ஏறும்.

ஒரு பைலை அழித்தால் என்ன நடக்கும்? அந்த வரி மறைந்துபோவதில்லை. பெயரின் முதல் எழுத்துள்ள இடத்தில் 'இது அழிக்கப்பட்டது' என்ற ஓர் அடையாளம் மட்டும் போடப்படும். அடுத்து ஒரு புதுப் பைல் வந்தால் காலியான அந்த வரியில் போய் உட்கார்ந்துவிடலாம். ரிசர்வேஷனில் ஒருத்தர் கேன்சல் செய்த சீட்டில் கடைசியாக வந்தவர் உட்காருவது போல. அதனால்தான் கடைசியாக ஏற்றிய பாட்டு சில சமயம் நடுவில் பாடுகிறது.

நீளமான பெயர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. பழைய டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, கடைசியில் வகையைக் குறிக்க 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். 1995-ல் விண்டோஸ் 95 நீளப் பெயர்களை அனுமதித்தபோது பழைய வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் கூடுதல் வரிகளைச் சேர்த்தார்கள். ஒரு கூடுதல் வரிக்கு 13 எழுத்து. பழைய வரியில் ஒரு சுருக்கப் பெயர் தானாக உருவாகும். பெயரின் முதல் ஆறு எழுத்து, ஒரு நெளிகோடு, பிறகு ஓர் எண். 'திருப்பாவை' என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் முப்பது பைல்களை ஏற்றினால் முதல் நான்கு பைல்களுக்கு இந்தச் சுருக்கப் பெயர் ஒழுங்காக வரும். ஐந்தாவதிலிருந்து விண்டோஸ் தன் கணக்குப்படி ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்து வைத்துவிடும். நீளப் பெயரைப் படிக்கத் தெரியாத மலிவான கருவிக்கு இந்தச் சுருக்கப் பெயர்தான் தெரியும். பிறகு வரிசை எங்கே நிற்கும்?

மூன்று கருவி, மூன்று வரிசை

இதைப் புத்தகத்தில் படித்து நம்புவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. நான் செய்த சோதனையை நீங்களும் பத்து நிமிடத்தில் செய்யலாம்.

செல்போனில் என் குரலிலேயே "ஒன்று", "இரண்டு", "மூன்று", "பத்து", "பதினொன்று" என்று ஐந்து சிறு பைல்களைப் பதிவு செய்து, எம்பி3-ஆக மாற்றி, 1, 2, 3, 10, 11 என்று பெயர் வைத்தேன். புதிதாகப் பார்மட் செய்த பென்டிரைவில் வேண்டுமென்றே 3, 1, 11, 2, 10 என்ற வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்தேன்.

பக்கத்து வீட்டு ரேடியோ ஸ்பீக்கரில் போட்டால்: 3, 1, 11, 2, 10.
தெருக் கோயில் ஆம்ப்ளிபயரில் போட்டால்: 1, 10, 11, 2, 3.
கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால்: 1, 2, 3, 10, 11.

பென்டிரைவ் ஒன்றுதான், பைல்களும் அதே ஐந்துதான். ஆனால் மூன்று கருவிக்கு மூன்று வரிசை. காரணம் என்ன? முதல் கருவி பதிவேட்டை மேலிருந்து கீழாக அப்படியே படிக்கிறது. பெயரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இரண்டாவது கருவி பெயர்களை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குகிறது. மூன்றாவது, அதாவது விண்டோஸ், பெயரில் வரும் எண்ணை எண்ணாகவே புரிந்துகொண்டு அடுக்குகிறது. இந்த வசதி 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியில் வந்தது. மனிதருக்கு வசதிதான். ஆனால் "கம்ப்யூட்டரில் சரியாத்தானே இருக்கு!" என்று நம்மை நம்ப வைப்பதும் இதே வசதிதான். திரையில் தெரியும் வரிசை விண்டோஸ் நமக்காக அடுக்கிக் காட்டியது. பென்டிரைவுக்குள் இருப்பது வேறு.

பிறகு '1' என்ற பைலை அழித்துவிட்டு '4' என்ற பைலை ஏற்றினேன். பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் 3, 4, 11, 2, 10 என்று பாடியது. கேன்சல் ஆன சீட்டு!

இந்தச் சோதனையால் உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். டாக்டர் நாடி பார்ப்பது போல முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் மருந்துக்குப் போகலாம்.

ஒன்று முடிந்தால் பத்து

தெருக் கோயில் ஆம்ப்ளிபயர் ஒன்றுக்குப் பின் பத்தைப் பாடியதே, அது ஏன்? கணிப்பொறிக்கு எழுத்தும் ஓர் எண்தான். ஆஸ்கி முறையில் '0' என்ற குறிக்கு 48, '1'-க்கு 49, '2'-க்கு 50, இப்படி '9'-க்கு 57. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-ல் தொடங்குகின்றன, சிறிய எழுத்துகள் 97-ல். '10' என்ற பெயரையும் '2' என்ற பெயரையும் ஒப்பிடும்போது கருவி முதல் குறியை மட்டும் பார்க்கிறது. 49 சிறியது, 50 பெரியது. ஆகவே '10' முன்னால், '2' பின்னால். அகராதியில் 'அம்மா' என்பது 'ஆ'வுக்கு முன்னால் வருவது போலத்தான். சொல் நீளமா குட்டையா என்று அகராதி பார்ப்பதில்லை.

இந்தக் கோளாறை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்க ஆயா. அவருக்கு எழுத்துத் தெரியாது. கடிகாரமும் பார்க்க மாட்டார். மார்கழி விடியலில் அவர் வேலையெல்லாம் குழாயில் வரும் பாட்டுக் கணக்கில்தான் நடக்கும். நாலாவது பாட்டுக்குள் வாசல் தெளிக்கணும், எட்டாவது பாட்டில் கோலம் முடியணும், பதினஞ்சாவது பாட்டுக்குப் பால் வாங்கப் போகணும். மைக்செட்காரர் பழைய கேசட்டை விட்டுவிட்டு பென்டிரைவுக்கு மாறிய முதல் நாளே ஆயாவின் கணக்கு தவறிப்போனது.

"டேய், ஒண்ணு முடிஞ்சா பத்து வருது. பத்தொம்பது முடிஞ்சா ரெண்டு வருது. ரெண்டு முடிஞ்சா இருபது வருது. என்னடா மிஷினு இது, குடிச்சிட்டுப் பாடுதா?" என்றார்.

மைக்செட்காரரோ, "தம்பி, கம்ப்யூட்டர்ல பார்த்தா கரெக்ட்டா இருக்கு, இங்க போட்டா தாவுது. நீதான் காலேஜ்ல படிக்கிறியே, பாரு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் என்பதால் இந்த மாதிரிக் கேள்வியை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது.

ஆயா சொன்னதை ஒரு தாளில் எழுதினேன்: 1, 10, 11 முதல் 19 வரை, 2, 20, 21 முதல் 29 வரை, 3, 30, 4, 5... எழுதி முடித்ததும் விடை தாளிலேயே இருந்தது. பைல்களுக்கு 1 முதல் 30 வரை பெயர் வைத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிபயர் எழுத்து எழுத்தாக அடுக்குகிறது. லேபில் கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய பிழையை, முப்பது பாட்டையும் வரிசையோடு மனதில் வைத்திருந்த ஒருவர் காதாலேயே பிடித்துவிட்டார். ஒன்பது பைல்களின் பெயருக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்தேன்: 01, 02, 03... 09. அவ்வளவுதான். "அண்ணே, இப்போ போட்டுப் பாருங்க" என்றேன். சரியாகப் பாடியது. சுழியத்துக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னது!

தமிழில் பெயர் வைத்தால்?

தமிழ்ப் பாட்டுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் தாராளமாக வைக்கலாம். சிறிய கருவிகளில்தான் இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது, வரிசை. நம் இலக்கண வரிசை 'ய ர ல வ ழ ள ற ன' என்று முடியும். ஆனால் யூனிகோட் அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' இருக்கிறது, 'ர'வுக்கு அடுத்து 'ற' இருக்கிறது. 'வ' என்பது 'ழ'வுக்குப் பின்னால் போய்விட்டது. தமிழ் அகராதியில் 'மலை' முதலில், 'மனம்' பிறகு. வெறும் யூனிகோட் எண்ணை வைத்து அடுக்கும் கருவியில் 'மனம்' முதலில், 'மலை' பிறகு.

இரண்டாவது, இடம். எம்பி3 பைலுக்குள் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் முதலியவற்றை எழுதி வைக்கும் பகுதிக்கு ஐடி3 டேக் என்று பெயர். 1996-ல் வந்த முதல் பதிப்பு, பைலின் கடைசி 128 பைட்டில் அடங்கும். பாட்டின் தலைப்புக்கு அதில் 30 பைட்தான் இடம். யூடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. 'திருப்பாவை' என்ற சொல்லைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்: த, சுழி, ர, உகரக் குறி, ப, புள்ளி, ப, கால், வ, ஐகாரக் குறி. மொத்தம் 10 குறி, 30 பைட். பை நிறைந்துவிட்டது, பாட்டு எண்ணை எழுத இடமில்லை! 'திருவெம்பாவை'க்கு 12 குறி, 36 பைட். அது 'திருவெம்பா' என்று அறுந்துவிடும்.

பிற்பாடு 1997-ல் இந்த டேக்கின் குறிப்புப் பகுதியிலிருந்து ஒரு பைட்டை எடுத்துப் பாட்டு எண்ணுக்குக் கொடுத்தார்கள். 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பைலின் முன்பகுதியிலேயே வேண்டிய அளவு இடமும் பாட்டு எண்ணுக்குத் தனி அறையும் கிடைத்தன. செல்போன், கார் ஸ்டீரியோ போன்றவை ஆல்பமாகப் பாடும்போது இந்த எண்ணைத்தான் பெரும்பாலும் பார்க்கின்றன. ஆகவே செல்போனில் வரிசை மாறினால் பெயரை மாற்றிப் பயனில்லை, டேக்கில் உள்ள எண்ணைத் திருத்த வேண்டும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் முப்பது பாட்டுக்கும் ஒரே தட்டில் எண் போடலாம்.

நம் மாவட்டத்து வரிசைக்காரர்கள்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. சிதறிக் கிடந்த பாட்டுகளைத் தேடி எடுத்து வரிசைப்படுத்தும் வேலை நம் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதே அல்ல.

தேவார ஓலைகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்ததையும், அரசன் கதவைத் திறக்கச் செய்தபோது கரையான் அரித்தது போக எஞ்சியவையே கிடைத்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்த அரசன் முதலாம் ராஜராஜன் (985-1014) என்பது பொது வழக்கு. எஞ்சிய பாட்டுகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. அவர் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர். பாட்டுகளின் பண்ணை வகுத்துத் தந்தவர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி. அவர் ஊர் விருத்தாசலம் பக்கத்துத் திருஎருக்கத்தம்புலியூர், இன்றைய ராஜேந்திரப்பட்டினம்.

தேவாரத்தை இரண்டு விதமாக அடுக்குவார்கள். பண்ணை வைத்து அடுக்கினால் பண்முறை. ஊரை வைத்து அடுக்கினால் தலமுறை. தலமுறையில் முதலில் வருவது 'கோயில்' எனப்படும் சிதம்பரம். பாட்டு ஒன்றே, எதை வைத்து அடுக்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். டேட்டாபேஸ் பாடத்தில் நாம் படிக்கும் 'சார்ட்' என்பது இதுதானே!

அதே காட்டுமன்னார்கோயில்தான் நாதமுனிகள் பிறந்த வீரநாராயணபுரம். அங்கே வந்த யாத்திரிகர்கள் நம்மாழ்வாரின் பத்துப் பாட்டைப் பாடினார்களாம். அந்தப் பத்தின் கடைசிப் பாட்டிலேயே 'இது ஆயிரத்தில் ஒரு பத்து' என்ற கணக்கு இருந்தது. அப்படியானால் மீதி எங்கே என்று தேடிப் புறப்பட்டு நாலாயிரத்தையும் தொகுத்தார் என்று வைணவ மரபு கூறுகிறது. மொத்தம் எத்தனை என்ற கணக்கைப் பாட்டுக்குள்ளேயே எழுதி வைத்ததால்தான் குறைவது தெரிந்தது. 'மொத்தம் 20-ல் இது 3' என்று ஐடி3 டேக்கில் எழுதும் வசதியும் இதே யோசனைதான்.

இன்னும் ஒன்று. திருவாய்மொழி முழுவதும் அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் வரும் 'லிங்க்டு லிஸ்ட்' இதேதான். ஓலையைக் கலைத்துப் போட்டாலும் முடிவையும் தொடக்கத்தையும் பார்த்து மறுபடி கோத்துவிடலாம்.

பேட் முறையிலும் ஓர் அந்தாதி இருக்கிறது. ஒரு பைலைப் பல துண்டுகளாகப் பென்டிரைவில் வைப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டு எது என்ற எண் ஓர் அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையின் பெயரின் சுருக்கமே 'பேட்'. அதனால்தான் ஒரு பாட்டின் நடுவில் சரணத்துக்குப் பின் பல்லவி தாவி வருவதில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே அப்படி ஒரு கட்டு கிடையாது. பாட்டுக்குள் அந்தாதி உண்டு, பாட்டுகளுக்கிடையே அந்தாதி இல்லை. கோளாறு முழுவதும் இந்த ஓர் இடைவெளியில்தான். அதை நிரப்ப வேண்டியது நாம்தான்.

செய்முறை

எல்லா வகைக் கருவிக்கும் ஒத்துவரும் முறை கீழே தரப்பட்டுள்ளது.

1. எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் சேர்க்கவும்.

2. பெயரின் தொடக்கத்திலேயே எண் போடவும். பாட்டு 99-க்குள் என்றால் 01, 02 என்று இரண்டு இலக்கம். அதற்கு மேல் என்றால் 001, 002 என்று மூன்று இலக்கம். எண் முன்னால் இருந்தால் சுருக்கப் பெயரிலும் அது தப்பிவிடும்.

3. எண்ணுக்குப் பின் பெயரைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைக்கவும். ஒரு பாட்டுக்குப் பெரிய எழுத்து, இன்னொன்றுக்குச் சிறிய எழுத்து என்று கலக்க வேண்டாம்.

4. பென்டிரைவில் வேண்டியது ஏதும் இருந்தால் வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு, பேட்32-ல் புதிதாகப் பார்மட் செய்யவும். பார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், ஜாக்கிரதை. பழைய பதிவேட்டின் காலி வரிகளும் இதோடு ஒழியும்.

5. பாட்டுகளை 01-லிருந்து ஒவ்வொன்றாகக் காப்பி செய்யவும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்தால் எது முதலில் போகும் என்பது நம் கையில் இல்லை. முப்பது பாட்டுக்கு ஐந்து நிமிடம் போதும்.

6. நூற்றுக்கணக்கான பாட்டு என்றால் பதிவேட்டையே பெயர்ப்படி திருத்தி எழுதும் மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் பேட்சார்ட், விண்டோஸில் டிரைவ்சார்ட்.

7. இரண்டு தொகுப்பு இருந்தால் இரண்டு போல்டர். போல்டருக்கும் இதே விதிதான். அதையும் 01, 02 என்று எண்ணிட்டு அதே வரிசையில் உருவாக்கவும்.

8. நடுவில் ஒரு பாட்டைச் சேர்க்க வேண்டி வந்தால் ஒட்டுப் போடாதீர்கள். அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி வரிசையாக ஏற்றுங்கள்.

9. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் காப்பி செய்தால் கண்ணுக்குத் தெரியாத சிறு பைல்கள் கூடவே ஏறும். சில கருவிகள் அவற்றையும் பாட்டு என்று எண்ணித் திணறும். அவற்றை நீக்கிவிட வேண்டும்.

10. வரிசை சரியாக இருந்தும் தாறுமாறாகப் பாடினால், 'ஷபிள்' பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதுவும் நடக்கிறது!

புராஜெக்ட் செய்பவர்கள் கவனத்துக்கு

பேசும் கருவி ஏதாவது புராஜெக்ட்டாகச் செய்யும் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் பலரும் டிஎப்பிளேயர் மினி என்ற சிறு பலகையை வாங்குகிறார்கள். 9600 பாட் வேகத்தில் ஆர்டினோவிலிருந்து கட்டளை அனுப்பினால் மெமரி கார்டில் உள்ள பாட்டைப் பாடும். "மூன்றாவது பைலைப் பாடு" என்றால் ஐந்தாவதைப் பாடுகிறது என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். காரணம் மேலே சொன்னதுதான். 03 என்ற கட்டளை காப்பி ஆன வரிசையில் எண்ணுகிறது, பெயரைப் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்துப் பாட வேண்டுமானால் 'எம்பி3' என்ற போல்டரில் 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயர் வைத்து 12 என்ற கட்டளையை அனுப்ப வேண்டும். அல்லது 01 முதல் 99 வரை போல்டர், அதற்குள் 001 முதல் 255 வரை பைல் என்று வைத்து 0எப் கட்டளையை அனுப்பலாம். கட்டளை எண்கள் பதினாறடி எண் முறையில் உள்ளவை என்பதை மறக்க வேண்டாம். வைவாவில் கருவி "வணக்கம்" சொல்ல வேண்டிய இடத்தில் "நன்றி" சொன்னால் மார்க் போய்விடும்.

யாருக்கு இது முக்கியம்?

கண் தெரிந்தவர்களுக்குத் திரை இருக்கிறது. வரிசை மாறினால் பார்த்து மாற்றிக்கொள்வோம். கண் பார்வை இல்லாதவர்களுக்கும், எழுத்துத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் காதில் விழும் வரிசை ஒன்றுதான் வழி. புத்தகத்தின் பக்கங்களைக் கலைத்துக் கட்டி நம் கையில் கொடுத்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? இதை உணர்ந்துதான் பார்வையற்றோர் நூலகங்கள் பல நாடுகளில் ஒன்று சேர்ந்து 1996-ல் டெய்சி என்ற கூட்டமைப்பை உருவாக்கின. டெய்சி முறை ஒலிப்புத்தகத்தில் அத்தியாயம், பகுதி, பக்கம் எல்லாவற்றின் வரிசையும் புத்தகத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கருவியின் இஷ்டத்துக்கு எதுவும் விடப்படுவதில்லை.

நம்மாலும் ஒன்று செய்ய முடியும். நம் பாடங்களுக்கு ஐந்து யூனிட். தேர்வுக்கு முன் நண்பர்களுக்காகவோ பார்வைக் குறைபாடுள்ள தம்பி தங்கைகளுக்காகவோ பாடத்தைப் படித்துப் பதிவு செய்து கொடுப்பவர்கள், முதல் யூனிட்டை 101, 102 என்றும் இரண்டாவதை 201, 202 என்றும் எண்ணிட்டு, அதே வரிசையில் ஏற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் "இரண்டாம் யூனிட், மூன்றாம் பகுதி, மொத்தம் எட்டு" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். கருவி தவறினாலும் குரல் தவறாது. நம் முன்னோர் பாட்டுக்குள்ளேயே கணக்கை வைத்த வழி அதுதான்.

முடிவாக, இயந்திரம் தனக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கும். எழுதாத வரிசையை எந்த இயந்திரமும் யூகித்துப் பாடாது. வரிசை முக்கியம் என்று யாருக்குத் தெரியுமோ அவர்தான் அதை எழுத வேண்டும், அதுவும் இயந்திரம் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும். அடுத்த மார்கழிக்குள் உங்கள் தெருக் கோயில் பென்டிரைவை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். தேவைப்படுவது பத்து நிமிடமும் ஒன்பது சுழியங்களும்தான்.